6. ஆட்டுக்கல்லும் அந்தூரியமும்

நம் வீடுகளில் தோட்டம் போடப்படுவதில்லை, சேர்கிறது. ஊரில் பழைய வீட்டை இடித்தபோது யாரும் கேட்காத ஆட்டுக்கல் லாரியில் ஏறி வந்துவிடுகிறது. மாமியார் பக்கத்து வீட்டில் ஒடித்து வாங்கிய குரோட்டன்ஸ் குச்சி ஒரு மழைக்குள் புதராகிறது. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்த அரிகா பனை, மலர்க் கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய அந்தூரியம், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வேப்பங்கன்று, பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி. ஐந்து வருடம் போனால் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

இதைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டால், அவர் முதலில் எல்லாவற்றையும் வாரி வெளியே போடுவார். கொரியன் புல் விரிப்பார். மூலையில் ஒரு புத்தர் தலையை வைப்பார். மூன்றாவது மாதம் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. புத்தர் மட்டும் மிச்சம்.

இந்த அத்தியாயம் அப்படி வாரிப்போட மனம் வராதவர்களுக்கானது. ஆட்டுக்கல்லும் இருக்கட்டும், அந்தூரியமும் இருக்கட்டும். கதம்பத்தில் மல்லி, கனகாம்பரம், மரு, தவனம் எல்லாம்தான் இருக்கின்றன, ஆனால் கட்டிய நார் ஒன்று. தோட்டத்தில் அந்த நார் செடி இல்லை. நீங்கள் உட்காரும் இடமும், அதற்குப் போகும் தரையும்தான் நார். அவை இரண்டையும் முடிவு செய்துவிட்டால், மற்ற எதை எங்கே வைப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கணக்குக்காகச் சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்கிறேன். 2400 சதுர அடி, 40க்கு 60. வீடு போக முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, பக்கவாட்டில் ஆள் நடக்கும் சந்து, மேலே மொட்டை மாடி. கோவைக்காரர்களும் மலைப்பகுதியில் இருப்பவர்களும் காற்று, மழை பற்றிய குறிப்புகளைத் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் நாற்காலி

நர்சரிக்குப் போகும் முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காலை 7 மணிக்கு ஓரிடம், மாலை ஐந்தரைக்கு ஓரிடம், இரவு 8 மணிக்கு ஓரிடம் என்று உட்கார்ந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். எங்கே காற்று வருகிறது, எங்கே பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி உங்கள் முகத்தில் ஊதுகிறது, எந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடிப்படி நேராகக் கண்ணில் படுகிறது என்பதெல்லாம் காகிதத்தில் வரைந்த பிளானில் தெரியாது.

சென்னையில் கோடைக்காலத்துக் கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். மாலை உட்காரும் இடத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும். அங்கே அடர்ந்த வேலிச்செடி வைத்தால் காசு கொடுத்துப் புழுக்கம் வாங்கியதாகும். மேற்குச் சுவரை ஒட்டி உட்காராதீர்கள். மதிய வெயிலைக் குடித்த சுவர் இரவு எட்டு மணிவரை அனலைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம்தான் கொடிப்பந்தலுக்கும் மரத்துக்கும் உரியது.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதில் நானே ஏமாந்தவன். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி நான்கு அந்தூரியத் தொட்டிகளை வடக்குச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். மார்கழி, தை, மாசி வரை பளபளவென்று இருந்தன. மே மாதம் இலை ஓரமெல்லாம் கருகி, ஜூனில் தண்டு மட்டும் நின்றது. காரணம் பிறகுதான் உறைத்தது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வரும். அப்போதிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் சாய்வாக வெயில் அடிக்கும். லண்டனுக்கு எழுதிய விதி நமக்குக் கோடையில் தலைகீழ். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்வதால், அப்போது தெற்குப் பக்கம்தான் வெயில். ஆகவே நிழல்செடிகளைத் தொட்டியில் வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றுங்கள். அல்லது ஒரு மரத்தடியில் நிரந்தரமாகக் குடியமர்த்துங்கள்.

உட்காரும் இடத்தை முதலில் வைத்துத் தோட்டம் செய்தவர்களில் நான் அடிக்கடி நினைப்பது இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவை. வழக்கறிஞராக இருந்தவர் 1948-இல் பெந்தோட்டை அருகே தெத்துவ ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். லுனுகங்கா என்று பெயர் வைத்து, 2003-இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். ஐரோப்பியச் சிலை உண்டு, சீனச் சாடி உண்டு, கீழே நெல்வயலும் உண்டு. இத்தனையும் சண்டை போடாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நாற்காலியிலிருந்து பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருப்பதுதான். காலைக்கு ஓரிடம், மாலைத் தேநீருக்கு ஓரிடம். தோட்டத்தின் பல மூலைகளிலும் மணி தொங்கவிட்டிருந்தார். எங்கே உட்கார்ந்தாரோ அங்கிருந்தே மணியடித்துத் தேநீர் வரவழைப்பாராம். நம் ஒரு கிரவுண்டில் மணிக்கு வேலையில்லை, கூப்பிட்டால் கேட்கும். ஆனால் அந்த முறை நமக்கும் பொருந்தும். முதலில் இடம், பிறகு அங்கிருந்து தெரியும் ஒரே ஒரு பொருள்.

உட்காருவதற்குத் திண்ணையைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரம்பு சோபா மழையில் நனையும், இரும்பு நாற்காலி துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து ஒருநாள் உறவினரோடு சேர்ந்து உடையும். காம்பவுண்டு சுவரை முதுகாக வைத்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டுங்கள். கால் தொங்கப்போட்டு உட்கார ஒன்றரை அடி அகலம் போதும். சம்மணம் போடுவதற்கு 2 அடி வேண்டும். மதியம் சாய்ந்து படுக்கிற ஆள் வீட்டில் இருந்தால் இரண்டரை. சுவரோடு சேரும் இடத்தைச் சற்று உயர்த்தி வழித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் அங்கே தங்கிச் சுவருக்குள் இறங்கும்.

மேலே என்ன கல்? கறுப்புக் கடப்பா பார்க்க அழகு. கூரை இல்லாத இடத்தில் போட்டால் சித்திரையில் உட்கார முடியாது, மாலை ஆறுக்கும் சுடும். வெட்டவெளிக்குச் சொரசொரப்பாக விட்ட வெளிர்நிறக் கருங்கல் பலகைதான் சரி. மெருகேற்றிய கிரானைட் மழையில் வழுக்கும். ரெட் ஆக்ஸைடு பூச்சு தாழ்வாரத்துக்குள் நன்றாக இருக்கும், நேர் வெயிலில் வெடிப்பு விடும்.

தரை என்கிற நார்

கேட்டிலிருந்து பின்கட்டு வரை வெளித்தரை முழுவதும் ஒரே கல்லாக இருக்கட்டும். இதில் மட்டும் நான் கறார். பொருள்கள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ, தரை அத்தனைக்கத்தனை சாதுவாக இருக்க வேண்டும். வாசலில் சிவப்புப் பேவர் பிளாக், பக்கத்தில் டிசைன் டைல்ஸ், பின்னால் மொசைக் என்று போட்டுவிட்டு, மேலே ஆட்டுக்கல்லும் அரிகாவும் வைத்தால் கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது.

கோலம் போடுகிற வீடாக இருந்தால் இதில் இன்னொரு நியாயமும் சேர்கிறது. பூப்போட்ட டைல்ஸ் மேல் கோலம் எடுபடாது. வாசலுக்கு நேரே குறைந்தது நாலுக்கு நாலு அடி வெற்றுத்தரை விடுங்கள். தெளித்த தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டும், வீட்டுக்குள் அல்ல. அந்த இடத்தில் கார் நிற்கும் என்றால், கார் எத்தனை மணிக்கு வெளியே போகிறது, கோலம் எத்தனை மணிக்கு விழுகிறது என்பதை வீட்டிலிருப்பவர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அது இந்தப் புத்தகத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வாட்டம் முக்கியம். பத்தடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடும், நடப்பவருக்கும் தெரியாது. ஒருவர் நடக்க 3 அடி அகலம், இருவர் சேர்ந்து நடக்க 4 அடி. திறந்த இடம் முழுவதையும் கல்லால் மூடிவிடாதீர்கள். கற்களுக்கு இடையே இரண்டு அங்குலம் மண் விட்டால் அருகம்புல் தானாக வரும், மழையும் இறங்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டில் குழி எங்கோ இருக்கும். அதன் மேல் திண்ணையைக் கட்டி மூடிவிட்டு, பிறகு தூர்வார வழி தேடி அலைந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

ஆத்தங்குடிக் கல்லை எல்லோரும் கேட்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்தில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக்கலவையை ஊற்றிக் கையால் செய்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. கால் படப்பட, துடைக்கத் துடைக்கத்தான் மினுக்கும். வெட்டவெளியில் மழையும் வெயிலும் பட்டால் மங்கிப்போகும். கூரைக்குக் கீழே, திண்ணையின் முகப்பில், மாடிப்படியின் நெற்றியில் போடுங்கள். அதுவும் ஒரே ஒரு டிசைன்.

வீடு கட்டியதில் மிஞ்சிய உடைந்த டைல்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். சண்டிகரில் நேக் சந்த் என்கிற சாலைத் துறை ஊழியர் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளைச் சேர்த்துச் சிலைகளும் சுவர்களும் செய்துகொண்டிருந்தார். அதுதான் 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்த ராக் கார்டன். நமக்கு அந்த அளவு தேவையில்லை. மேற்குச் சுவரில் மூன்றடி அகலத்துக்கு ஒரு பட்டையோ, குழாயடித் தொட்டியின் வெளிப்புறமோ போதும். தரையில் பதிக்காதீர்கள், குழந்தைகளின் கால் கிழியும்.

வந்து சேர்ந்தவை

ஆட்டுக்கல்லுக்கு நான் கண்ட மிக நல்ல உத்தியோகம் பறவைக்குத் தண்ணீர் வைப்பது. குழியின் ஓரம் சரிவாக இருப்பதால் சிட்டுக்குருவிகூடத் தயங்காமல் இறங்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கவிழ்க்க முடியாது, கனம். ஆகவே தென்னந்துடைப்பத்தால் தேய்த்து மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் கொசு முட்டை கொசுவாகவே பறந்துவிடும். பெரிய தொட்டி என்றால் நாலு கப்பி மீன் விடுங்கள். குழவியைத் தனியாகக் கேட்டில் காவலுக்கு நிறுத்தாதீர்கள், கல்லோடு சேர்ந்தே கிடக்கட்டும். இன்னொன்று: தரை போடும் முன்பே ஆட்டுக்கல்லை அதன் இடத்தில் இறக்கிவிடுங்கள். தரை முடிந்த பிறகு உருட்டிக்கொண்டு வந்தால் மூன்று கற்களாவது விரிசல் விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. தூண், கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு எல்லாம் கிடைக்கும். போகிறவர்கள் வீட்டு அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள். எட்டடித் தூணை வாங்கிவந்து ஏழரை அடித் தாழ்வாரத்தில் வெட்டிச் செருகிய கொடுமை நடந்திருக்கிறது. மரத்தூண் வெளியே நிற்குமானால் அடியில் கருங்கல் பீடம் வேண்டும். மண்ணைத் தொட்டால் கரையான்.

எத்தனை பழம்பொருள் வைக்கலாம்? ஓர் இருக்கையிலிருந்து பார்த்தால் கண்ணில் பெரிய பொருள் ஒன்றுதான் பட வேண்டும். பாவா தன் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்க் குன்றில் ஒற்றைச் சாடி தெரியும்படி வைத்தார். கண் நேராக அங்கே போய், அதைத் தாண்டித் தூரத்துக்குப் போகும். உரல், அம்மி, திருகை, கல்தொட்டி நான்கும் உங்களிடம் இருந்தால் நான்கு பார்வைக்குப் பிரித்து வையுங்கள். சுவரோரம் வரிசையாக அடுக்கினால் அருங்காட்சியகக் கிடங்கு மாதிரி ஆகிவிடும்.

பூந்தொட்டிகளை மட்டும் ஒரே சாதியாக்குங்கள். சுட்ட மண் தொட்டி என்றால் எல்லாமே மண். செலவு பெரிதில்லை, மாற்றம் பெரிது. பெயின்ட் வாளிகளைப் பின்கட்டுக்கு அனுப்பலாம். கற்பூரவல்லிக்குக் கௌரவம் முக்கியமில்லை.

செடிகள்

குரோட்டன்ஸ் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கலாம். மஞ்சள், சிவப்பு, புள்ளி, முறுக்கு என்று எட்டு வகை எட்டு மூலையில் இருந்தால் தோட்டமே கத்துவது போலிருக்கும். எட்டையும் பெயர்த்து ஒரே பாத்தியில் நெருக்கமாக நட்டு, பின்னால் இட்லிப்பூ அல்லது நந்தியாவட்டையின் கரும்பச்சையை நிறுத்துங்கள். மாமியார் கொடுத்ததில் ஒன்றையும் தூக்கிப்போடவில்லை, வாசலும் அமைதியாகிவிட்டது.

மாறாக, ஏதாவது ஒரு சாதாரணச் செடியைத் தோட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப வையுங்கள். நடைபாதை ஓரத்தில் மழை லில்லியோ, பாம்புக் கற்றாழையோ. அரிய செடிகள் ஒவ்வொன்று இருந்தால் போதும், சாதாரணச் செடிதான் பத்து வேண்டும். பெரும்பாலும் நாம் இதை மாற்றிச் செய்கிறோம்.

பூக்களை நிறம் பார்த்து வாங்குவதைவிட நேரம் பார்த்து வாங்குவது மேல். டேபிள் ரோஸ் காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். அலுவலகம் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர அது கண்ணில் படாது. அந்திமந்தாரை மாலையில் திறக்கும். முல்லையும் அந்தி நேரத்துக்குரியது. பவழமல்லி இரவில் பூத்து விடியலில் உதிர்ந்து தரையெல்லாம் கிடக்கும். மாலைத் திண்ணைக்கு மேல் முல்லைப் பந்தல், காலை காபி குடிக்கும் இடத்தருகே பவழமல்லி. காகிதப்பூவுக்கு வெயிலும் பட்டினியும் வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும், பிறகு பூக்கவில்லை என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

சின்ன மனைக்குச் சின்ன மரம். பவழமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி, ஈழத்தலரி ஆகியவை வீட்டோடு ஒத்துப்போகும். ஈழத்தலரியின் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டுத் தனக்கு வேண்டிய வளைவைக் கொண்டுவந்தார் பாவா. பொறுமை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். அரசு, ஆல், வாகை வேண்டாம். குல்மோகர் வேரை ஆழமாக விடாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள் காலை தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் அது நிறைய. முருங்கை பின்கட்டில் இருக்கட்டும். கார் நிற்கும் இடத்துக்கு மேல் வேண்டாம், கிளை முறியும், கம்பளிப்பூச்சியும் இறங்கும். பள்ளிக்கூட வேப்பங்கன்றுக்குச் சுவரிலிருந்து 15 அடி கொடுக்க முடியாவிட்டால் தெருவோரத்தில் நட்டுக் கூண்டு போட்டுவிடுங்கள், பிள்ளை வருத்தப்படாது.

சமையலறைத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். வாஷிங் மெஷின் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள்.

மொட்டை மாடி

மாடியில் உட்கார ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் அங்கே பாரத்தின் கணக்கு முதலில். ஒரு கனஅடி ஈரமண் ஏறக்குறைய 45 கிலோ. நடமாடும் மாடிக்கு வழக்கமாக எடுக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டினால் அதே சதுர மீட்டரில் 480 கிலோ ஏறிவிடுகிறது. எனவே கனமான தொட்டிகளைப் பீம் போகும் கோட்டிலும், கைப்பிடிச் சுவரோரத்திலும் மட்டும் வையுங்கள். மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மட்கிய தொழுவுரமும் கலந்தால் எடை குறையும். கல்தொட்டி, ஆட்டுக்கல் எல்லாம் கீழேயே இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கிவிட்டால் ஈரம் தங்காது, ஒழுகுகிறதா என்றும் பார்க்கலாம். கொடிப்பந்தலுக்கு ஜி.ஐ. பைப், அதன் மேல் கட்டி அவிழ்க்கக்கூடிய நிழல்வலை. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் அவிழ்க்க வேண்டியது அதைத்தான். துணி காயப்போடும் கொடியையும் திட்டத்தில் சேருங்கள். சேர்க்காவிட்டால் அது உங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே தானாக முளைக்கும்.

விளக்கு குறைவாகவே போதும். மஞ்சள் ஒளி, முழங்காலுக்குக் கீழே, கண்ணில் படாமல். வெள்ளை எல்இடிக்கு வரும் ஈசல் கூட்டம் மஞ்சளுக்கு அவ்வளவாக வராது.

எப்போது ஆரம்பிப்பது

கல்வேலை, திண்ணை, பந்தல்கால் எல்லாம் மாசி, பங்குனியில் முடியட்டும். கோடையில் புதுச்செடி நடாதீர்கள், மண்ணைக் கொத்தி எருவிட்டுக் காய விடுங்கள். ஆகஸ்டில் கொடிகள், செப்டம்பர் கடைசியில் மரக்கன்றுகள். சென்னைக்கு வருடத்தில் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடும், வேர் பிடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை.

ஐப்பசியில் முதல் கனமழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கெல்லாம் தேங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு செங்கல் வையுங்கள். மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தச் செங்கற்களைக் காட்டுங்கள். அவருடைய கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள்.